பழைய தமிழ்த் திகில் படங்களில் பாட்டு: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு

பழைய தமிழ் மர்மப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பாட்டு வந்தால் பதற்றம் போய்விடுகிறது என்ற குறையை யாராவது சொல்லிவிடுகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை அவரவர் பார்த்த படங்களைக் கொண்டே பேசலாம் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் ‘அந்த நாள்’ படத்தை முதலில் பார்த்தது தூர்தர்ஷனில். 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய இந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அரை மணி நேரம் கழிந்ததும் “பாட்டு எப்போதடா வரும்?” என்று என் பாட்டி கேட்கத் தொடங்கினார், படம் பாதியைத் தாண்டிய பிறகு அந்தக் கேள்வியை அவர் மறந்தே போனார்.

ஜப்பானிய விமானம் 1943 அக்டோபரில் சென்னையில் குண்டு வீசியதற்கு மறுநாள் காலை, ரேடியோ என்ஜினியரான ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, அண்டை வீட்டுக்காரர் ராஜனின் தம்பியையும், தம்பி தன் மனைவியையும், அவள் ராஜனுடன் தொடர்பிலிருந்த பெண்ணையும், அந்தப் பெண் திரும்ப அண்டை வீட்டுக்காரரையும் கைகாட்டுவதால், சந்தேகம் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து நிற்கிறது. இந்த வட்டத்திற்கு நடுவில் எந்த இடத்தில் ஒரு பாட்டை வைத்திருந்தாலும், யார் என்ன சொன்னார் என்ற கணக்கு நமக்குத் தவறிப்போயிருக்கும். வீணைக் கலைஞரான பாலசந்தர், இசைக்கென்றே பிறந்த ஒருவர், தம் படத்திற்குப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. பாட்டு எதைக் கலைக்கும் என்பது அவரைப் போன்றவருக்குத்தானே நன்றாகத் தெரிந்திருக்கும்!

சிவாஜி கணேசனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொலையுண்டவனாகவே படத்திற்குள் நுழைந்து, ஒவ்வொருவர் நினைவிலும் வெவ்வேறு மனிதனாகத் தெரிய வேண்டிய வேடம் அது. அவருடைய புகழ்பெற்ற நீண்ட வசனக் காட்சிகளைவிட, இதில் அவர் அடக்கிக் காட்டும் அலட்சியமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மறுமொழி

ஐயா, அதே பாலசந்தர் பிற்பாடு தம் படங்களில் பாட்டுகளை வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ‘பொம்மை’ (1964) படத்தில் வெடிகுண்டு பொருத்தப்பட்ட பொம்மை ஒன்று போய்ச் சேர வேண்டிய ஆளிடம் சேராமல், கைமாறிக் கைமாறி ஊருக்குள் அலைகிறது. குண்டு இருப்பது நமக்குத் தெரியும், பொம்மையைக் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது என்பதுதான் அதன் முழு பலமும். அந்தச் சூழலில் ஜேசுதாஸின் இளங்குரலில் ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ ஒலிக்கும்போது, தத்துவப் பாட்டு என்று நாம் சாய்ந்து உட்கார முடிவதில்லை.

அவருடைய ‘நடு இரவில்’ படத்தை நான் என் மகளுடன் கணினியில் பார்த்தேன். நாற்புறமும் நீர் சூழ்ந்த மாளிகையில் கூடும் சொத்தாசை பிடித்த உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுவதுதான் கதை. அகதா கிறிஸ்டியைப் படித்தவர்களுக்கு மூலம் எது என்பது உடனே பிடிபட்டுவிடும். ஆனால் அந்தக் கதையை நம் வீட்டுச் சொத்துத் தகராறாக மாற்றியதால், சாகிறவர்களை நமக்கு முன்பே தெரியும் என்பது போன்ற ஒரு சங்கடம் உண்டாகிறது. என் மகளோ, தன் ஊகம் ஒவ்வொரு கொலைக்கும் பிறகு பொய்த்துப்போவதைக் கண்டு எரிச்சலடைந்து, கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

மறுமொழி

பாட்டுக்கு ஆதரவாக நானும் இரண்டு சாட்சிகளைக் கொண்டுவருகிறேன். ‘புதிய பறவை’ (1964) படத்தில் ‘எங்கே நிம்மதி’ பாட்டை எடுத்துவிட்டால், கதாநாயகன் கோபாலின் மனத்தை எந்தப் போலீஸ் விசாரணையாலும் நமக்குத் திறந்து காட்ட முடியாது. குற்றம் செய்தவன் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்தப் பாட்டு சொல்லிவிடுகிறது. அதை முதல்முறை கேட்கும்போது காதலன் ஒருவனின் துயரமாக எண்ணிக்கொள்கிறோம், முடிவு தெரிந்த பிறகு கேட்டால் அதே வரிகள் வாக்குமூலமாகிவிடுகின்றன.

இரண்டாவது, பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980). ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டைப் பல ஆண்டுகள் வானொலியில் கேட்டு, இதைவிட மென்மையான காதல் பாட்டு உண்டா என்று உருகியவன் நான். படத்தைப் பார்த்தபோதுதான், கொலைகள் செய்த ஒருவன் தான் கடத்திவந்த பெண்ணின் எதிரில் கிதாரை வைத்துக்கொண்டு பாடுவது அது என்று தெரிந்தது. பிரதாப் போத்தனின் முகத்தில் இருந்த கனவையும், ஷோபாவின் கண்களில் இருந்த கணக்கையும் சேர்த்துப் பார்த்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. இளையராஜாவின் நூறாவது படம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் பலர், பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்பதைச் சொல்வதே இல்லை.

‘சிவப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தையும் சேர்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ‘நினைவோ ஒரு பறவை’ அருமையான பாட்டுதான். ஆயினும் அதில் நம்மை நடுங்கவைப்பது பாட்டு அன்று, பின்னணி இசையும் தோட்டத்து ரோஜாச் செடிகளும்தான் என்பது என் கருத்து.

முதல் பதிவரின் மறுமொழி

‘மூடுபனி’யை ஒப்புக்கொள்கிறேன், அங்கே பாட்டு கதையின் கத்தியாகவே இருக்கிறது. ஆனால் எல்லாப் படங்களுக்கும் அந்தச் சலுகையைத் தர என்னால் முடியாது. ‘அதே கண்கள்’ (1967) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பமே கொலைகாரனுக்குப் பயந்து நடுங்கும் கதைக்குள், ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் ‘பூம் பூம் மாட்டுக்காரன்’ என்று ஆடிப் பாடுவதற்கு எங்கிருந்து மனம் வந்தது என்று தெரியவில்லை. வேதாவின் மெட்டுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம் என்பது வேறு விஷயம். அந்தப் பாட்டுகளைத் தனியாகக் கேட்டு மகிழ்கிறேன். படத்தைப் பார்க்கும்போது அவற்றைத் தள்ளி ஓட்டிவிட்டு, இருட்டில் மின்னும் அந்தக் கண்களுக்காக மட்டும் காத்திருக்கிறேன்.