பர்ன் செய்த சிடி கார் ஸ்டீரியோவில் பாதிக்கு மேல் திக்குகிறது

2009 மாடல் கார், வண்டியோடு வந்த ஸ்டீரியோ, மதுரை. முகப்பில் ஆடியோ சிடி முத்திரை மட்டும்தான். எம்பி3, யுஎஸ்பி, ஆக்ஸ் எதுவும் கிடையாது. அதனால் எம்பி3 டிஸ்க் யோசனை வேண்டாம், போட்டால் எர்ரர் காட்டித் துப்பிவிடும்.

ஆடியோ சிடியாகத்தான் எழுதுகிறேன்: 700 எம்பி சிடி-ஆர், டிஸ்க்-அட்-ஒன்ஸ் (முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் எழுதுவது), ஃபைனலைஸ் செய்தது (இனி எதுவும் சேர்க்க முடியாதபடி மூடியது), மொத்தம் 76 நிமிடம். முக்கால் மணி நேரம் சுத்தமாகப் பாடுகிறது. பிறகு டிக் டிக்கென்று தாவல். கடைசிப் பாட்டில் நேரம் காட்டும் எண் அப்படியே உறைந்துவிடும். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கோளாறு விளிம்புப் பக்கம்தான். வண்டி நின்றாலும் இதே கதை. தீபாவளிக்குப் பிறகு ஆரம்பித்தது.

எழுதும் வேகத்தை 48எக்ஸிலிருந்து 16எக்ஸுக்குக் குறைத்ததில் கொஞ்சம் தேவலை. அதற்கும் கீழே என் ரைட்டர் இறங்காது. வேறு பிராண்ட் சிடி, லென்ஸ் கிளீனர் டிஸ்க், இரண்டுக்கும் பலன் இல்லை. மேலே லேபிள் ஒட்டவில்லை. சிடி-ஆர்டபிள்யூ (அழித்து எழுதும் சிடி) பக்கம் போகவில்லை. அதன் ஒளிப் பிரதிபலிப்பு இன்னும் குறைவு.

அதே டிஸ்க் வீட்டு பிளேயரில் கடைசிவரை ஓடுகிறது. கடையில் வாங்கிய 70 நிமிட ஒரிஜினல் காரிலும் திக்குவதில்லை.

ஸ்டீரியோவின் லேசர் பிக்கப்பை (சிடியைப் படிக்கும் லேசர், லென்ஸ் பகுதி) மாற்றினால் இது தீருமா?