காலையில் பூட்டி இரவில் திறக்கும் வீட்டில் எதை வளர்க்கலாம்?

சூரமங்கலம் மாடிவீடு:

அனைவருக்கும் வணக்கம். சேலம் சூரமங்கலத்தில், மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால், காலை எட்டரைக்குப் பூட்டிய கதவைத் திறக்க இரவு ஏழரை ஆகிறது. மாதக் கடைசியில் இன்னும் தாமதமாகும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பள்ளி விட்டதும் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். மாதம் இரண்டு சனிக்கிழமைகள் ஆத்தூரில் மாமியார் வீட்டில் தங்குவோம்.

மகள் நாய்க்குட்டி கேட்கிறாள்; கடையில் பார்த்த பக் குட்டியை அவளால் மறக்க முடியவில்லை. கூண்டில் தினை போட்டால் போதும், லவ் பேர்ட்ஸ் வாங்கலாம் என்கிறார் கணவர். எனக்கோ, வாழப்பாடியில் பாட்டி வீட்டுத் திண்ணையில் தொங்கிய பச்சைக்கிளியின் நினைவு. குரைக்காத எதுவானாலும் சரி என்று கீழ்வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டார். வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. எங்களைப் போல நேரமில்லாதவர்கள் எதை வளர்த்தீர்கள், எதை வளர்க்க முடியாமல் விட்டீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அம்மாபேட்டைக்காரன்:

சகோதரி, விட்டவன் கதையைத்தான் நான் சொல்ல முடியும். மூன்று ஆண்டுகளுக்கு முன், இரண்டு மாத லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்கினோம். அந்த வயதுக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. மாலையில் வீடு முழுக்க நாற்றம். விரித்துவிட்டுப் போன செய்தித்தாள் துண்டு துண்டாகக் கிடக்கும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஒருநாள் முன்கதவின் உட்புறத்தைக் குனிந்து பார்த்தபோதுதான், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை வார்னிஷ் மொத்தமும் நகத்தால் சுரண்டப்பட்டு, வெள்ளை மரம் தெரிவதைக் கண்டேன். பதினொரு மணி வரை அழுகிறது, பிறகு ஓய்ந்துவிடுகிறது, தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் மறுபடி தொடங்குகிறது என்று பக்கத்து வீட்டு அம்மா அதன் பிறகுதான் சொன்னார். ஐந்தாம் மாதத்தில், மேச்சேரிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டோம். இன்றும் என்னைக் கண்டால் ஓடி வருகிறது. என் மனைவி மட்டும் அந்தத் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை.

வளர்ந்த நாயாக இருந்தாலும், மதியம் ஒருமுறை வந்து வெளியே அழைத்துச் செல்ல ஆள் இல்லாவிட்டால் பதினோரு மணி நேரம் கொடுமைதான். பக் பற்றிப் பேசவே வேண்டாம். மூக்குச் சப்பையான இனம், சாதாரண நாளிலேயே மூச்சுக்குத் திணறும். மாடி வீட்டுச் சித்திரை வெயிலில் பூட்டிவைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஏற்காட்டுப் பெரியவர்:

அம்மா, கால்நடை பராமரிப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். முதலில் பச்சைக்கிளி. பாட்டி காலத்தில் யாரும் கேட்கவில்லை என்றாலும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அதே நிலைதான். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் பறவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது என்பதால் அந்தத் தடை அதற்கு இல்லை. ஆனால் அது கூட்டமாக வாழும் இனம். ஒன்றை மட்டும் வாங்கிப் பூட்டிய வீட்டில் விட்டால் வாடிவிடும். இரண்டோ நான்கோ வாங்கினால் விடியும் முன்பே சத்தம் தொடங்கும். நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவைகளைக் கொன்றுவிடும் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

யாராவது முயல் என்று சொல்லும் முன் அதையும் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் என் வீட்டில் முயல்கள் நன்றாகவே இருக்கின்றன. என் அக்கா மகன் இரண்டை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அஸ்தம்பட்டிக்குக் கொண்டுபோனான். முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைக் காதுகள் வழியாகத்தான் வெளியேற்றும்; 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் துன்பம். ஏப்ரலில் ஒரு பிற்பகல் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தபோது ஒன்று இறந்து கிடந்தது. அவனை நான் திட்டவில்லை, தடுக்காமல் விட்டது நான்தான்.

ஆகையால் எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதிகபட்ச வெப்பநிலையைப் பதிந்து வைத்துக்கொள்ளும் சிறிய டிஜிட்டல் வெப்பமானி கடைகளில் கிடைக்கும். வேலை நாளில் போவது போலவே ஜன்னல்களை எல்லாம் அடைத்து, அதைத் தரையில் வைத்துவிட்டுப் போங்கள். அறைக்கு ஒரு நாள் என்று வைத்துப் பாருங்கள். நீங்கள் இருக்கும்போது மின்விசிறி ஓடுகிற வீடு வேறு, நீங்கள் இல்லாதபோது இருக்கிற வீடு வேறு. நீங்கள் வாங்கப் போகும் உயிர் இரண்டாவது வீட்டில்தான் குடியிருக்கப் போகிறது.

உங்கள் நேரத்துக்குப் பூனை பொருந்தும். பகலில் பெரும்பகுதி தூங்கிவிட்டு, நீங்கள் வந்த பிறகு விளையாட எழுந்திருக்கும். தீனியும் நீரும் போதுமான அளவு வைத்துவிட்டால் ஒரு இரவு தனியே இருக்கும். குட்டி என்றால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டாக எடுங்கள், ஒன்றுக்கொன்று துணையாகும். கருத்தடை செய்யப்பட்ட வளர்ந்த பூனை என்றால் ஒன்றே போதும். ஆனால் தயிர்சோறு போட்டுப் பூனை வளர்க்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே வயிற்றுப்போக்கைத் தரும். அசைவம் சமைக்க விருப்பமில்லை என்றால், பூனைக்கென்று விற்கும் உலர்தீனியை வீட்டில் வைக்கவாவது மனம் ஒப்ப வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும்.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

நான் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவன். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வீட்டுக்குப் போவதே இரவு பத்துக்குமேல். எட்டு ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். மீனுக்கு நேரம் வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அதற்கு நேரம் தொடக்கத்தில் வேண்டும். தொட்டியை வாங்கிய அன்றே மீனை விடுவதால்தான் பாதிப் பேருடைய மீன்கள் ஒரே வாரத்தில் சாகின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நச்சு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடாமல் ஃபில்டரை ஓடவிட்டு, அந்த நுண்ணுயிர்கள் வளர்வதற்காகத் தினமும் ஒரு சிட்டிகை தீனியை மட்டும் போடுங்கள். பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குளோரின் பட்டால் அத்தனையும் வீண்.

போர் தண்ணீர் கடினமாக இருந்தால் கவலை இல்லை, கப்பியும் மோலியும் அதை விரும்பும் மீன்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் மட்டும் வேண்டாம். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுவது அரைமணி நேர வேலை. இரண்டு நாள் ஊருக்குப் போனால் தீனி தேவையில்லை, அக்கறையுள்ள பக்கத்து வீட்டார் அள்ளிப் போடுவதுதான் ஆபத்து. கோடையில் நீர் சூடாகச் சூடாக அதிலுள்ள ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்துவிட்டு, வலை போட்டு, சிறு விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மாதாந்திர மின்தடை நாளுக்காகப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அம்மாபேட்டைக்காரன்:

எல்லாம் சரி, மீனைக் குழந்தை மடியில் வைத்துக்கொள்ள முடியுமா?

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

முடியாதுதான். ஆனால் என் மகன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறான்.

சூரமங்கலம் மாடிவீடு:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன சோதனையைச் செய்தோம். கூடத்தில் 38 டிகிரி, வடக்கு அறையில் 33. அந்த எண்ணைக் காட்டியதும் மகள் பக் குட்டியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டாள். கணவரும் லவ் பேர்ட்ஸ் பேச்சை எடுக்கவில்லை. பூனைக்கு வீட்டு உரிமையாளர் சம்மதித்துவிட்டார், ஆனால் ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்த பிறகே எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்; அது கோடை தணிந்த பிறகுதான். உலர்தீனிக்கு மாமியார் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

இப்போதைக்கு வடக்கு அறையில் 60 லிட்டர் தொட்டி வைத்து, விசிறியும் பொருத்திவிட்டோம். தண்ணீர் நிரப்பி இன்று ஒன்பதாம் நாள். மீனே இல்லாத தொட்டிக்குத் தினமும் தீனி போடும் வேலையை மகளிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு சிட்டிகை எண்ணிப் போட்டுவிட்டு, யாருமில்லாத அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்றிலிருந்து தண்ணீர் லேசாகப் பால் கலந்தது போல் மங்கியிருக்கிறது. இது இயல்பா, அல்லது நீரை மாற்ற வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை:

இயல்புதான், நுண்ணுயிர்கள் பெருகுவதால் வரும் மங்கல் அது. சில நாளில் தானே தெளியும். நீரைத் தொடாதீர்கள், தீனியை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.