மேகச் சேமிப்பில் ஏற்றி இறக்கிய கோப்புகளின் பழைய தேதிகளை மீட்க முடியுமா?

கண்மாய்க்கரை:

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் உள்ள எங்கள் ஊர்க் கண்மாயை 2016 முதல் கைப்பேசியில் படம் எடுத்து வருகிறேன். மடை, கலுங்கு (மிகுதி நீர் வழிந்து வெளியேறும் இடம்), கரையில் உள்ள ஆலமரத்தடி ஆகிய மூன்று இடங்களில் நின்று மாதம் இரு முறையாவது எடுத்துவிடுவேன். 2016 கடைசியில் வடகிழக்குப் பருவமழை பொய்த்துத் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததும், 2021 நவம்பரில் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்ததும் இந்தப் படங்களில் இருக்கின்றன. இவற்றோடு, நீர்பாய்ச்சி வேலை பார்த்த பெரியவர்கள் பழைய முறைப்பாசனத்தைப் பற்றிச் சொன்னவற்றை 44 ஒலிப்பதிவுகளாக வைத்திருக்கிறேன். பேசியவர்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை.

அண்மையில் புதிய கைப்பேசி வாங்கியபோது, பழையதில் இருந்த எல்லாவற்றையும் ஒரு மேகச் சேமிப்புச் செயலியில் ஏற்றிப் புதியதில் இறக்கிக்கொண்டேன். கோப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் கோப்பு மேலாளரில் பார்த்தால் அத்தனைக்கும் நான் இறக்கிய நாளே தேதியாக நிற்கிறது. கேலரியில் பெரும்பாலான படங்கள் சரியான மாதத்தில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் மட்டும் இறக்கிய நாளில் குவிந்துவிட்டன. விடியற்காலை 4.40 மணிக்கு எடுத்த மறுகால் காணொளிக்கு முந்தைய நாள் இரவு 11.10 என்று காட்டுகிறது. இருபது கோப்புகளுக்கோ 1970 சனவரி 1, காலை 5.30 என்று தேதி வந்திருக்கிறது. ஒலிப்பதிவுகளின் பெயர்கள் 'குரல் 001', 'குரல் 002' என்றே போவதால், எது எந்த ஆண்டு பேசியது என்று இப்போது என்னால் சொல்ல இயலவில்லை.

நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் படத்தில் தேதி போய்விட்டால் அது வெறும் தண்ணீர்ப் படம்தான். பழைய தேதிகள் அடியோடு அழிந்துவிட்டனவா, மீட்க வழி உண்டா, இனிமேல் ஏற்றும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய கைப்பேசி திரை கீறலோடு இன்னும் வேலை செய்கிறது. அடுத்த வாரம் அதைக் கடையில் கொடுத்துவிடுவதாக இருந்தேன்.

ஏட்டுப்பெட்டி:

அம்மா, முதலில் அந்தப் பழைய கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் ஒலிப்பதிவுகளின் உண்மையான தேதி இந்த நிமிடம் உறுதியாக இருக்கும் ஒரே இடம் அதுதான்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். ஒரு கோப்பின் தேதி ஒரே இடத்தில் இருப்பதில்லை. கோப்பு மேலாளர் காட்டும் 'மாற்றிய தேதி' கோப்புக்குள்ளேயே இல்லை. அது கைப்பேசியின் சேமிப்பகம் தன் பதிவேட்டில், அந்தக் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கும் ஒரு எண். கோப்பை மேகத்தில் ஏற்றும்போது உள்ளடக்கம் முழுவதும் போகிறது. பதிவேட்டுக் குறிப்பு போவதும் போகாததும் செயலியைப் பொறுத்தது. திரும்ப இறக்கும்போது புதிய கைப்பேசி அதைப் புதிதாக எழுதிய கோப்பாகவே கருதி, இறக்கிய நேரத்தைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. அந்தப் பழைய தேதியை மறுபடி இடுவது இறக்கும் செயலியின் பொறுப்பு. பல செயலிகள் அதைச் செய்வதில்லை.

கேமரா எடுத்த படத்துக்கு மட்டும் இரண்டாவது பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. எக்சிஃப் என்னும் மீத்தரவு, அதாவது எடுத்த நாள், நேரம், கேமரா மாதிரி, ஜிபிஎஸ் இடம் ஆகியவை, ஜேபெக் கோப்பின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கேலரி முதலில் இதைத்தான் பார்க்கிறது. அதனால்தான் உங்கள் பெரும்பாலான படங்கள் சரியான மாதத்தில் நிற்கின்றன. அவற்றின் தேதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது எக்சிஃபை நீக்கிவிடுவதால், அவற்றுக்கு வெளிப் பதிவேட்டைத் தவிர வேறு சான்று கிடையாது. கேலரியும் இறக்கிய நாளையே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் படங்களின் பெயரைப் பாருங்கள்: நடுவில் 20190314 போல எட்டு இலக்கம் இருக்கும். அது ஆண்டு, மாதம், நாள்.

1970 என்று காட்டும் இருபது கோப்புகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு உட்பட யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் நேரத்தை 1970 சனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளாக எண்ணுகின்றன. தேதி கிடைக்காத இடத்தில் ஏதோ ஒரு செயலி சுழியம் என்று எழுதிவிட்டது; சுழியம் என்றால் நமது நேரப்படி காலை 5.30. அந்தக் கோப்புகளுக்கும் உள்ளே தேதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பழைய கைப்பேசியிலிருந்து கோப்புகளைத் தேதியோடு வெளியே எடுக்க ஒரு கணினி கிடைத்தால் நல்லது. யூஎஸ்பி கம்பியில் இணைத்துக் கோப்புறையை இழுத்துப் போடும் வழக்கமான முறையில் தேதி சில கருவிகளில் தங்கும், சிலவற்றில் தங்காது. அதை நம்பிக் காரியத்தில் இறங்காதீர்கள். ஆண்ட்ராய்டு உருவாக்குநர்களுக்கான ஏடிபி என்ற கட்டளைக் கருவியில் 'புல்' கட்டளையுடன் சிறிய 'ஏ' விருப்பத்தைச் சேர்த்தால் (adb pull -a), கோப்பின் நேரமும் கூடவே வரும். அதற்குக் கைப்பேசியில் உருவாக்குநர் அமைப்புகளைத் திறந்து யூஎஸ்பி பிழைதிருத்தத்தை இயக்க வேண்டும். கைப்பேசியின் அமைப்புகளில் உள்ள 'பில்டு எண்' வரியை ஏழு முறை தொட்டால் அந்தப் பகுதி திறக்கும்.

செவிச்செல்வம்:

ஒலிப்பதிவுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாட்டுப்புறப் பாடல் பதிவுகளில் நானும் இதே இழப்பைப் பட்டவன். உங்கள் 44 கோப்புகளின் பின்னொட்டு ஏஎம்ஆரா, எம்4ஏவா என்று பாருங்கள். ஏஎம்ஆர் மிக எளிய அமைப்பு: தொடக்கத்தில் ஆறு எழுத்து அடையாளம், பிறகு ஒலி, அவ்வளவே. தேதி எழுத அதில் இடமே இல்லை. எம்4ஏ என்றால் காணொளிக்குரிய எம்பி4 பெட்டியமைப்புதான். பதிவுச் செயலி எழுதியிருந்தால் உருவாக்கிய நேரம் உள்ளேயே இருக்கும்.

உங்கள் மறுகால் காணொளியின் குழப்பமும் இதே இடத்திலிருந்து வருகிறது. எம்பி4 கோப்பில் நேரம் 1904 சனவரி 1 முதல் நொடிகளாக, கிரீன்விச் கணக்கில் எழுதப்படும். காட்டும் செயலி ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் காலை 4.40 முந்தைய நாள் இரவு 11.10 ஆகிவிடும். கோப்பில் உள்ள நேரம் சரியானதே. அதைத் திருத்தப் போனால்தான் பிழை நுழையும். படங்களின் எக்சிஃப் இதற்கு நேர்மாறு: கைப்பேசிக் கடிகாரம் காட்டிய உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதும். நேர மண்டலத்தைக் குறிக்கும் இடம் எக்சிஃப் தரத்தில் 2016 ஆம் ஆண்டின் 2.31 பதிப்பில்தான் சேர்ந்தது.

ஏஎம்ஆர் பதிவுகளுக்கு என் யோசனை இதுதான். பழைய கைப்பேசியில் ஒவ்வொரு கோப்பின் 'விவரங்கள்' பக்கத்தையும் திறந்து, தேதியையும் நேரத்தையும் முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு அதையே கோப்பின் பெயரில், ஆண்டு முன்னால் வரும்படி சேர்த்துவிடுங்கள். 44 கோப்புகளை ஒரு மாலையில் முடித்துவிடலாம். எந்த மேகமும் எந்தச் செயலியும் கோப்பின் பெயரைப் பொதுவாக மாற்றுவதில்லை. பேசியவர் பெயரையும் அந்த நோட்டில் எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள்.

இனிமேல் ஏற்றும்போது, கோப்புகளைத் தனித்தனியாக ஏற்றாமல் கைப்பேசியிலேயே ஆண்டுவாரியாக ஜிப் செய்து, அதாவது ஒரே கோப்பாகக் கட்டி, ஏற்றுங்கள். ஜிப்புக்குள் ஒவ்வொரு கோப்பின் மாற்றிய தேதியும் இரண்டு நொடித் துல்லியத்தில் எழுதப்படுகிறது. மேகம் அந்த ஜிப்பை ஒரே கோப்பாகப் பார்ப்பதால் உள்ளே கை வைக்காது. திரும்பப் பிரிப்பதைக் கணினியில் செய்யுங்கள், ஏனென்றால் கைப்பேசியில் பிரிக்கும் சில செயலிகள் தேதியை இடாமல் விட்டுவிடுகின்றன.

பதிவறை:

மேகச் சேவைகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். டிராப்பாக்ஸ், பயனர் கருவி சொன்ன தேதியையும் தன் சேவையகம் பெற்ற தேதியையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்டிரைவும் பயனர் கோப்பகத்தின் தேதிகளுக்கு வேறு இடம் ஒதுக்கியிருக்கிறது. கூகுள் டிரைவில், ஏற்றும் செயலி பழைய தேதியைச் சொன்னால் அது ஏற்றுக்கொள்ளப்படும். ஆகவே நீங்கள் பயன்படுத்தும் சேவையின் வலைத்தளத்தைக் கணினியில் திறந்து, ஒரு கோப்பின் 'மாற்றிய தேதி' என்னவென்று பாருங்கள். அங்கே பழைய தேதி இருந்தால், ஆர்குளோன் என்ற இலவசக் கருவி கோப்பை அந்தத் தேதியோடு இறக்கித் தரும். அங்கேயும் ஏற்றிய நாளே இருந்தால் மேகத்திலிருந்து மீட்க ஒன்றுமில்லை.

கூகுள் ஃபோட்டோஸ் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அங்கே தேதியையோ இடத்தையோ நீங்கள் கையால் திருத்தினால், அந்தத் திருத்தம் படக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. கூகுளின் டேக்அவுட் வசதி வழியாக மொத்தமாக இறக்கும்போது, ஒவ்வொரு படத்துக்கும் துணையாக ஜேசன் என்ற சிறு உரைக் கோப்பு ஒன்று வரும். திருத்திய தேதி அதில்தான் இருக்கும். இடத்தை அடைக்கிறது என்று பலர் அவற்றை அழித்துவிடுகிறார்கள். அழிக்கக் கூடாது.

எக்சிஃப் உள்ள படங்களுக்கு எக்சிஃப்டூல் என்ற கருவி போதும். எடுத்த நாளை உள்ளிருந்து படித்து, வெளிப் பதிவேட்டுத் தேதியாக இட ஒரே கட்டளையில் சொல்லலாம். ஆயிரம் படங்கள் என்றாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதில் படத்தின் உள்ளடக்கம் ஒரு பைட்டும் மாறாது. அதே கருவியால் வாட்ஸ்அப் படங்களின் பெயரில் உள்ள தேதியை எக்சிஃபில் 'எடுத்த நாள்' என்று எழுதிவிடவும் முடியும்.

ஏட்டுப்பெட்டி:

கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. வாட்ஸ்அப் பெயரில் உள்ள எண் அந்தப் படம் அனுப்பிய அல்லது வந்துசேர்ந்த நாளைச் சொல்கிறது. எடுத்த நாளை அல்ல. பக்கத்து ஊர்க்காரர் 2018 இல் எடுத்த கலுங்குப் படத்தை 2020 இல் அனுப்பியிருந்தால், 2020 ஐ 'எடுத்த நாள்' என்று உள்ளே எழுதுவது பொய்ச் சான்றை உண்டாக்குவதாகும். அதைப் பிறகு பார்ப்பவருக்கு அது கேமரா எழுதியதா, நாம் எழுதியதா என்று பிரித்தறிய முடியாது. வெளித் தேதியாக இடுங்கள், கேலரியில் வரிசை சரியாகிவிடும். உள்ளே எழுத வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கண்மாய் ஆக்கிரமிப்பு போன்ற வழக்கில் இந்தப் படங்கள் என்றாவது தேவைப்படலாம். 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணையும், கேட்கிறது. உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும். வெளித் தேதியை மாற்றினால் மாறாது. அதனால் மூலக் கோப்புகளின் ஒரு தொகுதியைத் தொடாமல் தனியாக வைத்து, வேலையெல்லாம் நகலில் செய்யுங்கள்.

பதிவறை:

நீங்கள் சொல்வது சரி. என் யோசனையை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். இனி யாராவது படம் அனுப்பினால், வாட்ஸ்அப்பில் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பும் கோப்பு சுருக்கப்படுவதில்லை, எக்சிஃபும் அப்படியே வரும்.

கண்மாய்க்கரை:

மூவருக்கும் என் நன்றி. அக்கா மகனை மடிக்கணினியோடு வரச் சொல்லி, முதலில் பத்துக் கோப்புகளை மட்டும் சோதித்துப் பார்த்தோம். பழைய கைப்பேசியில் ஏடிபி வழியாக எடுத்த பத்துக்கும் தேதி நொடி மாறாமல் வந்தது. மேகத்தின் வலைத்தளத்தில் பார்த்தபோது ஏற்றிய நாளே இருந்தது, ஆகவே அந்த வழி எனக்கு இல்லை. 1970 காட்டிய இருபதும் கேமராப் படங்களே. அவற்றின் எக்சிஃப் கெடாமல் இருக்கிறது. ஆனால் ஒன்று புரியவில்லை: ஏற்றியதில் சில படங்களை நான் கைப்பேசியின் உலாவி வழியாக ஏற்றினேன். அவற்றில் எடுத்த நாள் இருக்கிறது, ஜிபிஎஸ் இடம் மட்டும் இல்லை.

ஏட்டுப்பெட்டி:

அது 2019 இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் உள்ள ஏற்பாடு. படத்தின் இருப்பிடத்தைப் படிக்கத் தனி அனுமதி பெறாத செயலிக்கு, இயங்குதளமே ஜிபிஎஸ் பகுதியை மறைத்துத்தான் கோப்பைக் கொடுக்கும். தனியுரிமைக்காகச் செய்தது, ஆவணம் சேர்ப்பவருக்கு மட்டும் இழப்பாகிறது. அந்தப் படங்களைப் பழைய கைப்பேசியிலிருந்தே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள், இடம் அதில் இருக்கும்.

கண்மாய்க்கரை:

எடுத்துவிட்டோம், இடம் இருக்கிறது. ஒலிப்பதிவுகள் எல்லாமே ஏஎம்ஆர்தான் என்பதால் நோட்டுப் போட்டு எழுத உட்கார்ந்தேன். 'குரல் 014' 2017 மே 21, மாலை 6.12 என்று பழைய கைப்பேசியில் இருக்கிறது. அதில் பேசுகிற நீர்பாய்ச்சித் தாத்தா, "இந்த வருசமும் மடை திறக்கல" என்று தொடங்குகிறார். எந்த வருசம் என்று இரண்டு வாரமாகத் தெரியாமல் இருந்தேன். இதுவரை 31 பதிவுகளுக்குப் பெயர் மாற்றியாகிவிட்டது. மீதியை இன்றிரவு முடித்துவிட்டு, ஆண்டுவாரியாக ஜிப் செய்யத் தொடங்குகிறேன்.