நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒரே பயணக் கேள்வித்தாள் போதுமா? அளவுகோல், களப்பணி, மாதிரிக்கூறு என்ற பெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.

அளவுகோல்: வீட்டிலுள்ளவர்கள் எங்கே, எப்படிப் போய்வருகிறார்கள் என்று கேட்டறியும் குடும்பப் பயணக் கணக்கெடுப்பில் கிராமங்களுக்குத் தனிக் கேள்வித்தாள் வேண்டும் என்கிறார்கள். நான் எதிர்க்கிறேன். இரண்டு இடங்களில் இரண்டு விதமாகக் கேட்டுவிட்டு எண்கள் வேறுபட்டால், மாறியது மக்களா, கேள்வியா? இங்கிலாந்தின் தேசியப் பயணக் கணக்கெடுப்பு 1988 முதல் தொடர்ச்சியாக நடக்கிறது. மாநகரமோ சிற்றூரோ, பயணங்களை எழுதிவைக்கும் ஏழு நாள் குறிப்பேடு ஒன்றுதான். ஒப்பிட முடிவதுதான் அதன் பலம்.

களப்பணி: ஐயா, நான் வீடு வீடாகச் சென்று கேட்பவள். ஒரு கிராமத்தில், "நேற்று ஏதாவது பயணம் போனீர்களா?" என்றேன். "எங்கேயும் போகவில்லையே" என்றார் அந்த அம்மா. வாசலில் நீர் சொட்டும் குடம் இருந்தது. "தண்ணீருக்கு?" என்றேன். "அது மூன்று நடை!" என்றார். பிறகு விறகுக்கு ஒரு நடை, வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஒரு நடை. அச்சிட்ட தாளை மட்டும் நம்பியிருந்தால் அவர் வீட்டைவிட்டே நகராதவர் என்று பதிவாகியிருப்பார். 'பயணம்' என்றால் அவருக்குப் பஸ் ஏறுவது. 'நடை' என்று கேட்டால்தான் ஐந்தும் வருகின்றன.

அளவுகோல்: சரி, ஆனால் அது நகரத்திலும் நடப்பதுதானே? குழந்தையைப் பள்ளியில் விட்டுவரும் தாயும் "எங்கும் போகவில்லை" என்பார். அப்படியானால் நினைவூட்டும் கேள்விகளை எல்லோரிடமும் கேளுங்கள். கிராமத்தில் மட்டும் துருவிக் கேட்டால் அங்கேதான் அதிகம் நடக்கிறார்கள் என்று தரவு பொய் சொல்லும்.

களப்பணி: அதை ஏற்கிறேன். எதைப் பயணமாக எண்ணுவது என்ற வரையறை எங்கும் ஒன்றாகவே இருக்கட்டும். கேட்கும் சொல்லும் வழியும்தான் மாற வேண்டும். "எத்தனை மணிக்கு, எத்தனை கிலோமீட்டர்?" என்றால் பலர் ஊகித்துச் சொல்கிறார்கள். இடத்தின் பெயரைக் கேட்டு, தூரத்தை வரைபடத்தில் நான் அளந்துகொள்வேன்.

மாதிரிக்கூறு: இருவரும் விட்டுவிட்ட ஒன்று, நாள். அமெரிக்காவின் 2017 தேசியக் குடும்பப் பயணக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,30,000 குடும்பங்கள் பங்கேற்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறித்த ஒரே நாள்தான். ஆனால் அந்த நாட்கள் வாரம் முழுவதும் பரவியிருந்தன. நம் குழுக்களோ செலவை மிச்சப்படுத்த ஒரு கிராமத்தை ஒரே நாளில் முடித்துவிடுகின்றன. முந்தைய நாள் வாரச்சந்தை என்றால் ஊரே பயணம் போனதாகத் தெரியும். இல்லையென்றால் சந்தையே காணாமல் போகும்.

அளவுகோல்: இதை மறுக்க மாட்டேன். முகவரிப் பட்டியலிலிருந்து வீடுகளைத் தேர்ந்தெடுப்பதும் கதவிலக்கம் இல்லாத ஊரில் நடக்காது. முதலில் நடந்துபோய் வீடுகளைப் பட்டியலிட வேண்டும். ஆனால் நகரத்துக்கு ஜி.பி.எஸ். கருவி, கிராமத்துக்கு வாய்மொழி என்று பிரிப்பதை மட்டும் ஒப்பமாட்டேன். சொல்ல மறந்த குறும்பயணங்களைக் கருவி பிடித்துவிடும், வாய்மொழி தவறவிடும்.

களப்பணி: அப்படியானால் இரு இடங்களிலும் சில வீடுகளில் மட்டும் இரண்டையும் சேர்த்துச் செய்து, விடுபடும் அளவைக் கண்டுபிடிப்போம். ஒரு நிபந்தனை: கருவியைக் குடும்பத் தலைவர் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது. குடம் தூக்குபவர் இடுப்பிலும் ஒன்று இருக்க வேண்டும்.