பட்டு வேட்டிக்கும் வேலைக்கும் ஒரே ஆட்டோமேட்டிக் கடிகாரம்: எதை வாங்கலாம்?

கானாடுகாத்தான்காரன்:
வணக்கம். வைகாசியில் அப்பச்சிக்குச் சாந்திக் கல்யாணம், பெரிய வீட்டிலேயே வைத்திருக்கிறோம். அதைச் சாக்கிட்டு எனக்கொரு ஜப்பான் ஆட்டோமேட்டிக் கடிகாரம் (கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்வது) வாங்க வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. முப்பதாயிரத்தைத் தாண்டினால் அனுமதி ரத்து. விசேஷத்தில் பட்டு வேட்டிக்குப் பொருந்த வேண்டும். மறுநாள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போதும் அதேதான் கையில் இருக்கும். மணிக்கட்டு ஆறேகால் அங்குலம். மனத்தில் உள்ளவை: ஓரியண்ட் பாம்பினோ, சிட்டிசன் சுயோசா, சீக்கோ 5 ஸ்போர்ட்ஸில் முகப்பைச் சுற்றிச் சுழல் வளையம் இல்லாத 40 மில்லிமீட்டர் எஸ்ஆர்பிஇ வகை. பாம்பினோவின் குவிந்த கண்ணாடியைப் பார்த்தால் மற்ற இரண்டும் மறந்துபோகின்றன. தோல் வார் நம் வெயிலைத் தாங்குமா?

காரைக்குடி பட்டறை:
தம்பி, கடிகாரம் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. பாம்பினோ அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பிக் கிணற்றடிக்குப் போய்விடாதீர்கள். கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்குத்தான் அந்தக் கணக்கு. பந்தி பரிமாறுகிறவர்கள் கட்டியிருந்த கடிகாரங்கள் என்னிடம் வரும். பின்மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், சாவித் தண்டில் துரு ஏறியிருக்கும். தோல் வாரைக் கேட்கவே வேண்டாம். ஒரு கோடையில் உட்புறம் கறுத்து வாடை அடிக்கும்.

என் ஓட்டு எஸ்ஆர்பிஇக்கு. 100 மீட்டர், எஃகுச் செயின், உள்ளே 4ஆர்36 இயந்திரம். விசேஷத்துக்கு மட்டும் தோல் வார் போட ஆசைப்பட்டால் 20 மில்லிமீட்டர் வார் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 1963இல் வந்த சீக்கோ 5 காலத்திலிருந்தே சாவி நாலு மணிப் பக்கம் ஒதுங்கி இருக்கிறது; மணிக்கட்டை மடக்கினால் குத்தாது, வண்டி ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். முழுதாகச் சாவி கொடுத்தால் 41 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் ஞாயிறு மதியத்துக்குள் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 45 வினாடி முந்தலாம், 35 வினாடி பிந்தலாம் என்று கம்பெனியே சொல்கிறது. முகூர்த்தத்துக்குக் கைபேசியைப் பாருங்கள்!

மலிவாகக் கிடைக்கிறதே என்று சீக்கோ 5இன் பழைய எஸ்என்கே வகை பக்கம் போகாதீர்கள். அதிலுள்ள 7எஸ்26 இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். 30 மீட்டர் வேறு.

பள்ளத்தூர் ஆச்சி:
பட்டறைக்காரர் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே இல்லையே! எங்கள் வீட்டுக்காரர் கையில் இருப்பது சுயோசா. அதில் எளிதில் கீறல் விழாத சஃபயர் கண்ணாடி, சீக்கோவில் ஹார்ட்லெக்ஸ் என்ற கடினப்படுத்திய சாதாரணக் கண்ணாடி. வளவுத் தூணில் எத்தனையோ முறை உரசியும் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. செயின்தான் குறை: நடுக்கண்ணிகளைப் பளபளவென்று பாலிஷ் செய்திருக்கிறார்கள், சீக்கிரமே கோடு விழுந்துவிட்டது. செயின் கேஸோடு ஒட்டி வடிவமைக்கப்பட்டதால் சாதாரண வார் எதுவும் சேராது. ஆனாலும் பட்டுக்கு அந்த மஞ்சள் முகப்பு எடுக்கிற எடுப்பு எஸ்ஆர்பிஇக்கு வராது. சாவி இதிலும் நாலு மணிப் பக்கம்தான்.

கானாடுகாத்தான்காரன்:
ஆச்சி, மஞ்சள் என்றதும் சபலம் தட்டுகிறது. சுயோசா தாங்குவது 50 மீட்டர்தானே, போதுமா? பழுதென்றால் இங்கேயே பார்க்க முடியுமா? எங்கள் ஐயாவின் எச்எம்டியைத் தவிர நான் எதையும் பழுதுக்குக் கொடுத்ததில்லை.

காரைக்குடி பட்டறை:
ஆச்சி சொன்னது சரி, சஃபயரோடு சீக்கோ போட்டி போட முடியாது. மழையில் நனைவதற்கு 50 போதும், குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். எச்எம்டியே 1961இல் சிட்டிசன் துணையோடுதான் கடிகாரம் செய்யத் தொடங்கியது, அதனால் எனக்கும் சிட்டிசன் அந்நியம் இல்லை. மதுரைக்குப் போய் இரண்டையும் கையில் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதை வாங்கினாலும் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் இடையில் தேதியைத் திருகாதீர்கள். உள்ளே சக்கரத்தின் பல் முறிந்தால் அப்புறம் என்னிடம்தான் வர வேண்டும்.