காட்டு மண் ரோட்டை மூடலாமா? போய் வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற திம்பம் மலை ரோட்டில் 2022 பிப்ரவரியில் வண்டிகளுக்கு இரவுத் தடை வந்ததிலிருந்து சத்தி (சத்தியமங்கலம்) பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சுதான். தார் ரோட்டுக்கே தடை வந்தாச்சு, அடுத்தது காட்டுக்குள் போகிற மண் ரோட்டையெல்லாம் மூடிவிட வேண்டும் என்கிறார் ஒருத்தர். மூடினால் மலைக்காரங்க எப்படிப் பிழைக்கிறது என்கிறார் பக்கத்தில் இருப்பவர். ரெண்டு பேருமே சரியாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒரே ரோட்டைப் பற்றிப் பேசவில்லை என்பது என் எண்ணம்.

நான் பதினெட்டு வருசமாக மலை ஊர்களுக்குப் பிக்கப் ஓட்டுகிறேன். ஏறும்போது அரிசி, சிமெண்ட்டு, தகரம். இறங்கும்போது ராகி, புளி, சீசனில் பலாப்பழம். காளிதிம்பம், மாவநத்தம், தெங்குமரஹாடா மாதிரி ஊர்களுக்குப் போகிறதும் மண் ரோடுதான். முன்காலத்தில் மூங்கிலும் மரமும் வெட்டி இறக்குவதற்காகப் போட்ட கூப்பு ரோடும் மண் ரோடுதான். முதல் ரோட்டின் கடைசியில் பள்ளிக்கூடமும் ரேசன் கடையும் இருக்கும், ரெண்டாவது ரோட்டின் கடைசியில் ஒன்றுமே இருக்காது, காடுதான். மேப்பில் பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரி கோடு.

கூப்பு ரோட்டை மூட வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒரு சாயங்காலம். பங்குனி வெயில், காடே காய்ந்து கிடக்கிறது. நான் இறங்கி வருகிறேன், மேலே கூப்பு ரோட்டில் வெளியூர் ஜீப் ரெண்டு, தலையில் வரிசையாக லைட்டு, பாட்டுச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு ஒரு ஆனைக் கூட்டம் சரிவில் இறங்கி நேராக என் முன்னாடி வந்து நின்றுவிட்டது. பானட்டிலிருந்து இருபது அடி இருக்கும். பெரிய பெண் ஆனை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி. அதன் வாயில் பாதி மூங்கில் அப்படியே நிற்கிறது, மெல்லவில்லை. காது ஆடவில்லை. காதை ஆட்டிக்கொண்டு நிற்கிற ஆனையைத் தினமும் பார்க்கிறேன், காது நின்றுபோன ஆனையை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். இஞ்சினையும் லைட்டையும் அணைத்துவிட்டு, கூட வந்த பையன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்க, அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அந்த மூங்கிலை அது ஒரு கடி கடித்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்த ஜீப்காரர்களுக்கு அந்தக் காட்டில் ஒரு வேலையும் இல்லை.

இன்னொரு ராத்திரி ஐப்பசி மழையில் நடந்தது. மலை ஊரில் ஒரு பெண்ணுக்கு வலி வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் சேற்றில் ஏற முடியாது, பாதி வழியில் நிற்கிறோம், அதுவரை கொண்டுவாருங்கள் என்கிறார்கள். என் வண்டி அன்று அங்கேயே இருந்ததால் மெத்தையைப் போட்டுக் கிளம்பினோம். வழியில் வனத்துறை கேட், குறுக்கே சங்கிலி, பூட்டு. சாவி வைத்திருந்தவர் வேறு பக்கம் ஆனை விரட்டப் போய்விட்டார், போன் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம். அந்த அம்மாவின் மாமியார் சங்கிலியை ரெண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், பையன் இப்போது பால்வாடிக்குப் போகிறான்.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஜீப்புக்கு ஒரு பூட்டு இல்லாமல் போனதும், இன்னொரு நாள் இந்தப் பெண்ணுக்குப் பூட்டு இருந்ததும்தான் என் வருத்தம். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

மலைக்காரன், கடம்பூர்:
அண்ணா, நான் மாக்கம்பாளையம் பக்கம். நாங்க படிக்கிற காலத்தில் எங்க ரோட்டை யாரும் மூட வேண்டியதே இல்லை, மழையே மூடிவிடும். வழியில் குறுக்கே ஓடுகிற ரெண்டு ஓடை, குரும்பூர் பள்ளத்திலும் சர்க்கரைப் பள்ளத்திலும் தண்ணி வந்தால் பஸ் அந்தப் பக்கமே நின்றுவிடும். பையைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணி முழங்காலுக்குக் குறைகிற வரைக்கும் கரையில் உட்கார்ந்திருப்போம். இருட்டிவிட்டால் தீ மூட்டிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டியதுதான். ஒருதடவை எதிர்க்கரையில் எங்க அப்பா டார்ச் அடித்துக்கொண்டு விடிய விடிய நின்றார், நடுவில் பள்ளம் ஓடுகிறது, பேசினால் கேட்காது.
ரோடு கேட்டால் புலிகள் காப்பகம், முடியாது என்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். கிராமசபை பரிந்துரைத்தால் பள்ளிக்கூடம், ரோடு மாதிரி வேலைகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இடம் கொடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. எங்க ஊரில் இது பலபேருக்குத் தெரியாது. எனக்கே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். 2013இல் காப்பகம் அறிவித்தார்கள், எங்க அப்பாருக்கு அப்பாரு அதுக்கு முன்னாடியே அந்த வழியில் நடந்தவர்.

பழைய வன வாட்சர்:
முப்பது வருசம் காட்டில் நடந்தவன் சொல்கிறேன். எல்லாக் கூப்பு ரோட்டையும் மூடு என்று சொல்கிறவர்கள் மாசியில் ஒருநாள் தீ அணைக்க வந்து பார்க்க வேண்டும். தண்ணி வண்டி போகிற தடம் உன்னிச்செடி என்கிற களைப் புதர் மூடிப்போய், நாங்கள் ஏழு பேர் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு மூணு மைல் நடந்தோம். போய்ச் சேர்வதற்குள் ஒரு சரிவு முழுக்க எரிந்துவிட்டது. உன்னி இருக்கிறதே, அது காய்ந்தால் வைக்கோல்போர் மாதிரி. மூடின ரோட்டில் புல் வரும், மான் வரும் என்று நினைக்கிறோம், அப்படியே விட்டுவிட்டால் முதலில் வருவது உன்னிதான்.
அதே நேரம் சரிவில் நேர்குத்தாக இறங்குகிற ரோடுகளைக் கட்டாயம் மூட வேண்டும். மழையில் ஒரு ஜீப் போனால் டயர் தடம் விரற்கடை ஆழம் விழும். அடுத்த மழைக்கு அதில் தண்ணி ஓடி முழங்கால் ஆழம் ஆகும். நாலு வருசத்தில் அது ரோடு இல்லை, ஓடை. அந்த மண்ணெல்லாம் எங்கே போகிறது? மாயாற்றில் இறங்கி பவானிசாகர் அணைக்குத்தான். கோபியில் நெல் நடுகிறவர்கள் இது மலைக்காரன் பிரச்சினை என்று இருக்கக்கூடாது, கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கருக்கும் தண்ணி அந்த அணையில் இருந்துதானே வருகிறது. ரோட்டை மூடினால் சங்கிலி மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், குறுக்கே மண் அணை போட்டுத் தண்ணியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள்.

தக்காளி வண்டி, தாளவாடி:
இரவுத் தடை வந்தபோது கடையடைப்புக்குப் போனவன் நான். மார்க்கெட்டுக்கு விடியற்காலை போகாவிட்டால் தக்காளிக்கு விலை ஏது. இன்றைக்கும் அந்தக் கஷ்டம் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், முன்பெல்லாம் காலையில் இறங்கும்போது ரோட்டோரம் அடிபட்ட புள்ளிமான், மரநாய் என்று ஏதாவது ஒன்று கிடக்கும். என் கண்ணுக்கு இப்போது அது குறைவாகத்தான் படுகிறது. தடை போடும் முன்னால் எங்களைக் கூப்பிட்டு எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்று ஒருத்தர் கேட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

பிக்கப் ஓட்டுகிறவர், சத்தி:
வாட்சர் ஐயா சொன்ன தண்ணி திருப்புகிற விசயம் எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி சொன்ன 3(2) பிரிவை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.
அக்டோபர் 2 கிராமசபையில் ரெண்டு தீர்மானம் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஊர் இல்லாத கூப்பு ரோட்டில் வெளி வண்டி ஏறக்கூடாது, தீ அணைக்கிற வண்டிக்கு மட்டும் வழி. ஊருக்குப் போகிற ரோட்டில் ராத்திரி கேட் இருக்கட்டும், ஆனால் ஒரு சாவி மேலே ஊருக்குள் ரெண்டு பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருத்தர் பெண்ணாக இருக்க வேண்டும். அந்த மாமியாரிடம் போனில் கேட்டேன், நானே வைத்துக்கொள்கிறேன் சாமி என்றார். தீர்மானத்தில் கையெழுத்துப் போட மேலே இருந்து வருகிறவர்கள் முதல்நாளே சொல்லுங்கள், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், வேன் ஏற்பாடு செய்கிறேன்.