4கே 50பி பதிவு பாதியில் நிற்கிறது. வி90 கார்டு இப்போதே வாங்கலாமா, ஆடி வரை பொறுக்கலாமா?

குடந்தை_கேமரா

வணக்கம். கும்பகோணத்தைச் சுற்றி கல்யாண வீடியோ எடுக்கிறேன். கேமரா சோனி ஏ7 மார்க் 4. இந்தத் தை முகூர்த்தங்களில் புதிதாக ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது.

4கே 50பி-யில் (4கே தெளிவு, வினாடிக்கு 50 ஃப்ரேம்) எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ (XAVC S-I, ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் சோனியின் பதிவு முறை) வைத்து எடுக்கிறேன். பாதுகாப்புக்காக இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி அமைத்திருக்கிறேன். தொடர்ந்து ஓடவிட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பதிவு தானாக நின்றுவிடுகிறது. கார்டில் எழுதும் வேகம் போதவில்லை என்கிற மாதிரி அறிவிப்பு வருகிறது. சூட்டுக்கான எச்சரிக்கை இல்லை. ஒருமுறை மாங்கல்யதாரணம் நெருங்கும்போது நின்றது. இன்னொரு கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் அந்தக் குடும்பத்துக்கு இழப்பு இல்லை. ஆனால் அன்றிலிருந்து நிம்மதியாக ட்ரைபாடை விட்டு நகர முடியவில்லை.

இரண்டுமே 128 ஜிபி, இரண்டிலும் வி90 (வினாடிக்குக் குறைந்தது 90 எம்பி எழுதும் என்ற உறுதி) என்று அச்சிட்டிருக்கிறது. முதல் ஸ்லாட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த நிறுவனத்தின் கார்டு. இரண்டாவது, ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைத்தது. முன்பெல்லாம் சின்னச் சின்ன கிளிப்களாக எடுப்பேன், ஒரு தொல்லையும் இருந்ததில்லை. இப்போது முகூர்த்தம் முழுவதையும் வெட்டாமல் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

சரி, புதுக் கார்டு வாங்கிவிடலாம் என்று விசாரித்தால் விலை தலையைச் சுற்றுகிறது. ஆடியில் கல்யாணம் இருக்காது, அதுவரை சமாளித்துவிட்டு விலை இறங்கியதும் வாங்கலாமா? இல்லை, எஸ்டி-யை விட வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ கார்டுக்கே மாறிவிடுவது நல்லதா? எஸ்டி கார்டுக்கே எதிர்காலம் இல்லை என்றும் ஒருவர் சொன்னார்.

ரிச்சி_தெரு_கடை

தம்பி, பணம் செலவழிப்பதற்கு முன்னால் எந்தக் கார்டு மக்கர் செய்கிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்போது மெதுவான கார்டு எதுவோ அதன் வேகம்தான் மொத்த வேகம். ஒன்று திணறினாலும் பதிவு நின்றுவிடும்.

கார்டின் பின்பக்கம் இரண்டு வரிசைத் தகடுகள் இருக்கும். கீழ் வரிசை யூஎச்எஸ்-2 என்ற வேகமான இணைப்புக்கானது. அதில் எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ இருந்தால் கார்டு பழைய யூஎச்எஸ்-1 முறைக்கு இறங்கிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்து, ஒரு நேரத்தில் ஒரு கார்டு மட்டும் போட்டு வீட்டில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

தேவையில்லாத கிளிப்களை மட்டும் அழித்துவிட்டு அதே கார்டில் தொடர்ந்து எடுக்கும் பழக்கம் இருக்கிறதா? அதை விட்டுவிடுங்கள். வி90 என்ற உத்தரவாதம் காலியான தொகுதிகளில் தொடர்ச்சியாக எழுதும்போது மட்டும்தான் செல்லும். இடையிடையே ஓட்டை விழுந்த கார்டில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

நெல்லை_மின்னணு

கடைக்காரர் சொன்னதோடு, கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் இரண்டு கார்டுகளையும் முழுக் கொள்ளளவுக்கும் எழுதச் சொல்லிப் பாருங்கள். மேக் வைத்திருந்தால் எஃப்3. ரீடர் யூஎச்எஸ்-2 ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரீடரின் வேகத்தைத்தான் அளப்பீர்கள்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். எஸ்-ஐ 4கே 50பி வினாடிக்கு 500 மெகாபிட். எட்டால் வகுத்தால் 62.5 எம்பி. வி60 கார்டு உறுதி தருவது 60 எம்பி வரைக்கும்தான். இரண்டரை எம்பிக்காக வி90-க்குப் போக வேண்டியிருக்கிறது. அதே 50பி-யை எக்ஸ்ஏவிசி எஸ் (எச்264 சுருக்கம்) அல்லது எச்எஸ் (எச்265 சுருக்கம்) அமைப்பில், 4:2:2 10 பிட்டில் (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) எடுத்தால் 200 மெகாபிட். அதாவது 25 எம்பி. வி30 கார்டே போதும்.

குடந்தை_கேமரா

இரண்டு பேருக்கும் நன்றி. சோதித்துவிட்டேன். முதல் ஸ்லாட் கார்டு தனியாக, நிறையும் வரை நிற்காமல் ஓடியது. கணினியிலும் கடைசி வரை ஒரே சீராக எழுதுகிறது. ஆன்லைனில் வாங்கியது தொடக்கத்தில் நன்றாகப் போகிறது. 40 ஜிபி தாண்டியதும் 45 எம்பி பக்கம் விழுந்து அங்கேயே கிடக்கிறது. துடைத்தாலும் ஃபார்மட் செய்தாலும் அப்படியேதான். கொள்ளளவு சரியாக இருக்கிறது, பிழை எதுவும் காட்டவில்லை.

நெல்லை_மின்னணு

அந்த 40 ஜிபி-யே கதையைச் சொல்லிவிடுகிறது. கார்டுக்குள் தகவல் தங்கும் நுண்ணறையான ஃபிளாஷ் செல் ஒவ்வொன்றிலும் மூன்று பிட் வைப்பது டிஎல்சி முறை. அதே செல்லில் ஒரே ஒரு பிட் வைத்தால் எழுதுவது மிக வேகமாக நடக்கும், ஆனால் கொள்ளளவு மூன்றில் ஒன்றாகிவிடும். 128-இல் மூன்றில் ஒன்று ஏறக்குறைய 42 ஜிபி. உங்கள் கார்டு காலியாக இருக்கும் வரை ஒற்றைப் பிட்டாக வாங்கிக்கொள்கிறது. இடம் தீர்ந்ததும் மூன்று பிட் முறைக்கு மாறித் திணறுகிறது. வினாடிக்கு 62.5 எம்பி என்றால் 42 ஜிபி நிரம்பப் பதினொரு நிமிடம் ஆகும். உங்கள் பதிவு நின்ற நேரமும் அதுதான். சின்ன கிளிப்களாக எடுத்தபோது தெரியாமல் போனதற்கும் இதுவே காரணம்.

அது வி90 இல்லை, வி90 என்று அச்சடித்த கார்டு. நல்ல வி90 கார்டுகள் பலவும் முழுக் கொள்ளளவையும் ஒற்றைப் பிட் முறையிலேயே இயக்குகின்றன. 128 ஜிபி தருவதற்கு அதைப்போல மூன்று மடங்கு ஃபிளாஷ் உள்ளே போகிறது. வி60-க்கும் வி90-க்கும் நடுவில் அவ்வளவு பெரிய விலைப் பள்ளம் இருப்பது இதனால்தான். ஃபிளாஷ் விலை ஏறினால் முதல் அடியும் இவற்றுக்குத்தான்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஆடி வரை பொறுத்தால் இறங்குமா?

கேமரா கார்டுக்குள் இருப்பதும், கணினியின் எஸ்எஸ்டிக்குள் இருப்பதும், டேட்டா சென்டர்களில் அடுக்கடுக்காக இருப்பதும் ஒரே சரக்கு. நேண்ட் ஃபிளாஷ். அதைப் பெரிய அளவில் செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், கியோக்சியா, சான்டிஸ்க், மைக்ரான், சீனாவின் ஒய்எம்டிசி. இதில் கியோக்சியாவும் சான்டிஸ்க்கும் ஜப்பானில் யொக்காயிச்சி, கிட்டகாமி ஆலைகளைச் சேர்ந்தே நடத்துகின்றன. 2022-23இல் சரக்கு தேங்கி விலை சரிந்தது. நட்டம் தாங்காமல் எல்லோரும் உற்பத்தியைக் குறைத்தார்கள். நாம் கார்டுகளை மலிவாக வாங்கியது அந்தக் காலத்தில்தான். அந்த விலையையே இயல்பான விலை என்று மனதில் பதித்துக்கொண்டுவிட்டோம்.

2025இன் பிற்பாதியிலிருந்து காற்று திசை மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை மொத்தமாக முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன. ஒரே வேஃபரிலிருந்து (சிப் செய்யும் சிலிக்கான் தட்டு) எதைச் செய்வது என்று ஆலை முடிவெடுக்கும்போது, அதிக விலை கொடுத்து நீண்ட ஒப்பந்தம் போடுபவருக்குத்தான் முதல் பந்தி. கேமரா கார்டு கடைசி வரிசை. மைக்ரான் 2025 டிசம்பரில், பல வருடங்களாகக் கணினிக் கடைகளில் விற்றுவந்த க்ரூஷியல் பொருள்களை 2026 பிப்ரவரியோடு நிறுத்துவதாக அறிவித்தது. இதே மைக்ரான் 2017இல் லெக்சர் கார்டுத் தொழிலையும் கைவிட்டது; அந்தப் பெயரைச் சீனாவின் லாங்சிஸ் வாங்கியது. சில்லறை வாடிக்கையாளரை விட்டுவிட்டுப் போவது இந்தத் தொழிலில் புதிதல்ல. கார்டை நம்பிப் பிழைப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும் என்று அக்கறையோடு சொல்கிறேன்.

நமக்கு ரூபாய் மதிப்பும் சேர்ந்துகொண்டது. 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. புது ஆலை கட்டி ஓடவிட வருடக்கணக்கில் ஆகும். ஆகவே ஆடிக்குள் இறங்கும் என்று நம்பி ஒரு சீசனின் வேலையைப் பணயம் வைக்காதீர்கள். அதற்காகப் பயந்து மூன்று நான்கு கார்டுகளை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். தேவையைக் குறைக்க வழி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

வால்பாறை_இருவாச்சி

காட்டுயிர் எடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா? என்னுடையது நிகான் இசட்8. ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி, மற்றது எஸ்டி. டைப் பி-யில் ஒரு ஜிபிக்கு ஆகும் விலை நல்ல வி90 கார்டை விடப் பெரும்பாலும் குறைவாகவே இருந்திருக்கிறது, வேகமோ பல மடங்கு. கார்டு பெரியது, உள்ளே எஸ்எஸ்டி மாதிரியான அமைப்பு. விலை ஏறிய பிறகும் எனக்கு அதுவே கட்டுப்படியாகிறது. குடந்தைத் தம்பியும் டைப் ஏ-வுக்கு மாறினால் என்ன?

ரிச்சி_தெரு_கடை

டைப் பி வேறு, டைப் ஏ வேறு சார். டைப் ஏ-வைக் கேமராவில் கொண்டுவந்தது சோனி, 2020இல் ஏ7எஸ் மார்க் 3-யோடு. அப்போது 80 ஜிபி கார்டு 200 டாலர், 160 ஜிபி 400 டாலர். லெக்சர், புரோகிரேட், ஏஞ்சல்பேர்ட் எல்லாம் வந்த பிறகுதான் இறங்கியது. ஒரு கார்டு வகையைச் செய்பவர்கள் நான்கு பேராவது இருந்தால்தான் வாங்குபவன் பிழைப்பான். டைப் பி-க்கு முந்தைய எக்ஸ்க்யூடி கார்டு ஞாபகம் இருக்கும். 2018இல் லெக்சர் விலகியதும் அதன் சந்தை சுருங்கியது, நிகானும் மென்பொருள் மாற்றி இசட்6, இசட்7-ஐ டைப் பி-க்குக் கொண்டுபோனது.

தம்பிக்கு வேறொரு தடையும் இருக்கிறது. ஏ7 மார்க் 4-இல் டைப் ஏ போவது முதல் ஸ்லாட்டில் மட்டும். இரண்டாவது எஸ்டி மட்டுமே எடுக்கும். அவர் இரண்டிலும் ஒன்றாகப் பதிவு செய்கிறார். எவ்வளவு விலை கொடுத்து டைப் ஏ வாங்கினாலும் பக்கத்தில் இருக்கும் எஸ்டி-தான் வேகத்தைத் தீர்மானிக்கும். அப்படியே வாங்குவதாக இருந்தாலும் 4.0 (சிஎஃப்எக்ஸ்பிரஸின் புதிய பதிப்பு) என்று போட்டிருப்பதற்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 4.0 வந்தது 2023இல், இந்தக் கேமரா 2021இல் வந்தது. கார்டு வேலை செய்யும், ஆனால் கேமராவுக்குள் பழைய வேகத்தில்தான்.

ஸ்கார்பரோ_தமிழன்

எஸ்டி-யின் வேகமான புதிய வகையான எஸ்டி எக்ஸ்பிரஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-வில் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்தான் போடுகிறார்கள். அதன் விற்பனை கூடினால் கேமராவுக்கும் மலிவாக வந்துவிடாதா? எஸ்டி-யின் எதிர்காலம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

நெல்லை_மின்னணு

அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வழியில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2018இல் எஸ்டி எக்ஸ்பிரஸ் விதிகள் வந்தபோது, யூஎச்எஸ்-2 பயன்படுத்தும் அதே கீழ் வரிசைத் தகடுகளைத்தான் பிசிஐஇ (கணினி எஸ்எஸ்டிகள் பயன்படுத்தும் வேக இணைப்பு) இணைப்புக்கும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டை இன்றைய கேமராவில் போட்டால் யூஎச்எஸ்-1 வேகத்துக்கு, அதிகபட்சம் 104 எம்பிக்கு, இறங்கிவிடும். கேமரா நிறுவனம் எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வைத்தால், மக்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் யூஎச்எஸ்-2 கார்டுகள் மெதுவாகிவிடும் என்ற சிக்கல் வருகிறது. கார்டு சூடாவதும் உண்டு. சோனி, கேனன், நிகான் கேமராக்களில் இந்த ஸ்லாட்டை இதுவரை நான் பார்க்கவில்லை.

கார்டே வேண்டாம் என்ற திசையிலும் சிலர் போகிறார்கள். பானசோனிக் எஸ்5 2எக்ஸ் யூஎஸ்பி வழியாக நேரே எஸ்எஸ்டியில் பதிவு செய்யும். ஹாசல்பிளாட் எக்ஸ்2டி-யில் 1 டிபி உள்ளேயே இருக்கிறது. உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அதுவும் நேண்ட்தான், விலை ஏற்றத்திலிருந்து தப்பிக்க முடியாது. ஆனால் ஒரு ஜிபிக்கு இந்த மாதிரி வேகமான கார்டை விட எஸ்எஸ்டி பெரும்பாலும் மலிவு. யூஎச்எஸ்-2 எஸ்டி இன்னும் பல வருடங்கள் இருக்கும் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் வேகம் வேண்டுபவர்கள் சிஎஃப்எக்ஸ்பிரஸ் பக்கம் போய்விடுவார்கள், வி90 நடுவில் ஒதுங்கிப் போகும்.

குடந்தை_கேமரா

புரிகிறது சார். 200 மெகாபிட்டுக்கு இறங்கினால் தரம் தெரியும்படி குறையுமா? எஸ்-ஐ வைத்ததே எடிட்டிங்கில் திக்காமல் ஓடும் என்பதற்காகத்தான். என் கணினி இன்டெல் 12ஆம் தலைமுறை.

நெல்லை_மின்னணு

12ஆம் தலைமுறையில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப் என்றால் கவலை வேண்டாம். பெயரின் முடிவில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, அதை மட்டும் பாருங்கள். அந்த கிராபிக்ஸில் இருக்கும் வீடியோ பகுதியான இன்டெல் குயிக்சிங்க் எச்265 4:2:2 10 பிட்டை வன்பொருளிலேயே பிரிக்கும். ஆகவே எக்ஸ்ஏவிசி எச்எஸ் எடுங்கள், எஸ் வேண்டாம். மண்டபத்து விளக்கில் மேடைக் காட்சிக்கு 200 மெகாபிட் தாராளம். பூ தூவும் இடம், வாண வேடிக்கை மாதிரி திரை முழுவதும் துகள் பறக்கும் காட்சிகளில் உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம். அந்தத் துண்டுகளுக்கு மட்டும் எஸ்-ஐ போட்டு, முதல் ஸ்லாட்டின் நல்ல கார்டில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இடமும் மிச்சம். எஸ்-ஐ ஒரு மணி நேரத்துக்கு 225 ஜிபி கேட்கும், எச்எஸ் 90 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஏறக்குறைய 34 நிமிடம் கிடைத்த இடத்தில் 85 நிமிடம் கிடைக்கும். முகூர்த்தத்தின் நடுவில் கார்டு மாற்ற வேண்டியதே இல்லை. பின்னால் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க் செலவும் குறையும்.

ரிச்சி_தெரு_கடை

அப்படியென்றால் வி30-யே போதும் என்றாலும், தம்பிக்கு நான் சொல்வது ஒரே ஒரு நல்ல வி60, 128 ஜிபி. 45 எம்பி கார்டே 25 எம்பி வேலைக்குத் தாங்கும்தான், ஆனால் ஒருமுறை பொய் சொன்ன கார்டை முகூர்த்தத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் படிக்கும் வேகம், அதைப் பார்த்து வாங்காதீர்கள். வி என்ற எழுத்தும், யூஎச்எஸ்-2-ஐக் குறிக்கும் ரோமன் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். யூஎச்எஸ்-1 கார்டில் 200 எம்பி என்று போட்டிருப்பார்கள், அது அந்த நிறுவனத்தின் ரீடரில்தான் கிடைக்கும், கேமராவில் 104-ஐத் தாண்டாது. விலை ஏறிக் கிடப்பதால் போலிகளும் அதிகம் வருகின்றன. பில்லும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்கி, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அதே எச்2டெஸ்ட்டபிள்யூ-வில் முழுவதும் எழுதிப் பாருங்கள்.

குடந்தை_கேமரா

நேற்று இரவு எச்எஸ் 50பி-யில் இருக்கிற கார்டுகளையே போட்டு நிறையும் வரை ஓடவிட்டேன், நிற்கவில்லை. எடிட்டிங்கும் இழுக்காமல் போகிறது. வி60 ஒன்று சொல்லியிருக்கிறேன் அண்ணா, மாசி முதல் முகூர்த்தத்துக்குள் கைக்கு வந்துவிடும். வந்ததும் சோதித்துவிட்டு எழுதும் வேகத்தை இங்கே போடுகிறேன்.